பத்து விதைகளை ஒன்றாக அரைத்தவர்

எங்கள் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொட்டு அக்கா என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும். நாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற வேலை அவருக்கு. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "எண்ணெய் ஊத்தச் சொன்னா பச்சைக் குழந்தைக்கு மருந்து கொடுக்குற மாதிரி ஊத்துவா" என்று அவர் கணவர் அலுத்துக்கொள்வார். கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் தையல் இயந்திரம். பிள்ளைகள் இல்லை.

நான் அதே மாடியில் அறிக்கை தட்டச்சு செய்கிறவன். அக்கா கையால் எழுதிக் கொடுப்பார், நான் தட்டுவேன், அவரும் இயக்குநரும் கையெழுத்துப் போடுவார்கள், நீதிமன்றம் நம்பும். இதில் யோசிக்க வேண்டிய வேலை அக்காவுக்கு மட்டும்தான் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்தோம்.

அவருடைய அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. பொட்டலம் பிரிக்க ஒரு மேசை, இயந்திரங்களுக்கு ஒரு மேசை, கதவு சரியாக மூடாத உறைபெட்டி ஒன்று. அந்தக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். புதுப் பெட்டி கேட்டு ஏழு கடிதம் எழுதினார். ஏழையும் நான்தான் தட்டினேன். பதில் வரவில்லை, ஆனால் நாற்காலிக்குக் கணக்கு கேட்டு ஒரு கடிதம் வந்தது.

கஞ்சா என்றால் எல்லாருக்கும் ஒரே கஞ்சாதான். உண்மையில் அதே இனத்தில் நாருக்காக வளர்க்கிற செடி ஒன்று உண்டு. ஹெம்ப் என்பார்கள், நாங்கள் நார்ச்செடி என்போம். அதில் கயிறு திரிக்கலாம், சாக்கு நெய்யலாம். புகைத்தால் இருமலும் தலைவலியும்தான் மிச்சம். உரிமம் வாங்கிப் பயிரிடலாம். ஆனால் இலையும் வாசனையும் போதைக் கஞ்சாவைப் போலவே இருக்கும். மோப்ப நாய்க்கே வித்தியாசம் தெரியாதபோது காவலரைக் குறை சொல்லி என்ன பயன்.

வித்தியாசம் செடிக்குள்ளே இருக்கிறது. டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. போதைச் செடியில் அந்த இடத்தில் ஒருவகை மரபணு இருக்கும், நார்ச்செடியில் வேறுவகை இருக்கும். அந்த இடத்தை மட்டும் இயந்திரத்தில் கோடிக்கணக்காகப் பெருக்கி, ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் ஓடவிட்டு, ஊதா விளக்கில் வைத்தால் கோடு தெரியும். நாருக்கு மேலே ஒரு கோடு, போதைக்குக் கீழே ஒரு கோடு. மனிதர்களைப் போலவே செடிக்கும் தாய் வழியாக ஒரு பங்கு, தகப்பன் வழியாக ஒரு பங்கு. இரண்டும் நாராக இருந்தால் மேல்கோடு மட்டும் வரும். ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்றால் இரண்டு கோடும் வரும். கீழ்க்கோடு தெரிந்தாலே போதை வகை என்று எழுத வேண்டும். இது எங்கள் விதிமுறை.

இந்தச் சோதனையை எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தவரே அக்காதான். நான்கு வருடம் மேலிடத்தில் மன்றாடினார். அது வந்த முதல் வருடத்திலேயே கஞ்சா வழக்கில் சிக்கிய மூன்று விவசாயிகள் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருவர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் வாசல் காவலரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று என்னிடம் சொன்னார்.

நான்காவது விவசாயியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவரை நார்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் வைத்திருந்தார். அறுவடை முடிந்து, எண்ணெய் ஆட்ட விதை வேண்டும் என்று வயல் ஓரத்தில் ஒரு பாத்தியை மட்டும் முற்ற விட்டிருந்தார். புதிதாக வந்த காவல் ஆய்வாளர் ஒருவர் அந்தப் பாத்தியைப் பார்த்தார். செடியைப் பிடுங்கி, மழையில் நனைந்ததை நனைந்தபடியே பிளாஸ்டிக் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார். மீதிச் செடிகளை அங்கேயே கொளுத்திவிட்டார்கள்.

பை எங்களிடம் வந்து சேர மூன்று வாரம். பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். இலையெல்லாம் கறுப்புக் கூழ். வேதியியல் பிரிவு, பொருள் கெட்டுப்போய்விட்டது என்று ஒற்றை வரி எழுதிக் கைகழுவிவிட்டது. அக்கா மட்டும் கூழைத் துழாவினார். உள்ளே விதைகள் கெடாமல் இருந்தன. ஓடு கெட்டியான விதை. கழுவி, பத்து விதைகளை எடுத்து, ஓட்டோடு சேர்த்து ஒன்றாக அரைத்தார்.

இங்கேதான் தவறு நடந்தது. இலை வந்தால் பத்து இடத்தில் கிள்ளி ஒன்றாக அரைப்பதுதான் எங்கள் வழக்கம். ஒரே செடியின் இலைகள் எல்லாம் ஒன்றே, அதில் பாதகமில்லை. விதை அப்படி இல்லை. விதை என்பது அந்தச் செடியின் பிள்ளை. தகப்பன் எங்கிருந்து வந்தான் என்று யாருக்குத் தெரியும். இது அக்காவுக்குத் தெரியாததா? பள்ளிக்கூடப் பாடம். ஆனால் இலைக்குப் பழகிய கை, விதைக்கும் அதையே செய்தது. அன்றைக்கு வரிசையில் முப்பத்திரண்டு பொட்டலங்கள் காத்திருந்தன.

இரண்டு கோடு விழுந்தது. அக்கா விதிமுறைப்படி எழுதினார்: போதை வகை. தாளின் அடியில், "இலை அழுகியதால் விதை மட்டும் சோதிக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அச்சடித்த படிவத்தில் குறிப்புக்கு இடமில்லை. நான் அதைத் தட்டாமல் விட்டேன். அக்காவும் படிவத்தைத் திரும்பப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நார்க்காரருக்கு ஏழு வருடம் கொடுத்தார்கள். என் பங்கை நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து அவர் மனைவி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பார்வையாளர் அறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்காதான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன சாக்கில் நானும் நின்றேன்.

"நான் சண்டைக்கு வரல மேடம். தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றார் அந்தம்மா. "விதைப் பண்ணையில முத்திரை போட்ட பைதான் வாங்கி விதைச்சோம். பதினோரு வருஷமா அதே பண்ணை. அது எப்படிம்மா திடீர்னு கஞ்சாவாச்சு?"

"பையில வேற விதை கலந்திருக்கலாம்" என்றார் அக்கா. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரர் கைல ஒரு விதை மாறிப் போகாது மேடம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் காட்டுச்செடி தானா மண்டிக் கிடக்கு. அதைக்கூட எட்டிப் பார்க்க மாட்டாரு. அது பூக்குற மாசத்துல துணி காயப்போட்டா மஞ்சளாத் தூசி படியும். அதை உதறுறதே எனக்கு ஒரு வேலை."

அக்கா கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "எந்த மாசம்?" என்று கேட்டார். அந்தம்மா சொன்னார். பாத்தியில் பெண்செடி பூத்து நின்ற அதே மாதம்.

மாடிக்கு வந்ததும் அக்கா முக்காலியில் உட்கார்ந்தார்.

"மகரந்தம்பா" என்றார். "காத்துல வந்த மகரந்தம். தாய் நார்ச்செடி. தகப்பன் கால்வாய்க்கு அந்தப் பக்கம். நான் பிள்ளைங்களைப் பார்த்துட்டு அம்மாவைக் குத்தவாளின்னு எழுதிட்டேன்."

"இப்ப திரும்பப் பார்க்க முடியாதாக்கா?"

"விதையோட ஓடு தாயோடது. உள்ள இருக்கிற பருப்புதான் பிள்ளை. ஓட்டை உரிச்சுத் தனியாப் பார்த்திருந்தா, அம்மா யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் ஓடும் பருப்புமா பத்தையும் போட்டு அரைச்சேன்."

உறைபெட்டியில் அந்த அரைத்த குழாய் மட்டும் இருந்தது. அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அரைத்ததை யார் பிரிக்க முடியும். மீதி விதைகளைத் தேடிச் சாமான் அறைக்கு ஓடினோம். தீர்ப்பு வந்ததும் பொருளை எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக, குறித்த தேதியில் நடந்த ஒரே வேலை அந்த எரிப்புதான். பதிவேட்டில் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்து இருந்தது.

அக்கா இயக்குநரிடம் போனார். உள்ளே என்ன பேச்சு என்று எனக்கு நன்றாகக் கேட்டது. தடுப்புச் சுவர் பலகைதானே.

"கோர்ட்டுல யாராவது உங்களைக் கேட்டாங்களா?" என்றார் இயக்குநர்.

"இல்லை சார்."

"நீங்களாப் போய்த் தப்புன்னு சொன்னா, இத்தனை வருஷமா நீங்க கொடுத்த எல்லா அறிக்கையையும் தோண்டுவாங்க. உள்ள இருக்கிறவன் பூராவும் வெளிய வரணும்னு மனு போடுவான். அதுக்கு நீங்க பொறுப்பா?"

"மத்தது எல்லாம் இலை சார். அது சரியாத்தான் இருக்கு. இது ஒன்னுதான் விதை."

"ஒன்னுக்காகத்தான் சொல்றேன், விட்டுடுங்க."

அடுத்த வாரமே அக்காவைக் கண்ணாடிச் சாமான் இருப்பு அறைக்கு மாற்றினார்கள். இருபத்து மூன்று வருடம் டி.என்.ஏ. பார்த்தவர், உடைந்த குடுவைகளை எண்ணி எழுதினார். அந்த இயக்குநரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறார்.

அந்த நாட்களில் ஒரு மாலை, கால்சட்டை தைக்கக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தையல்காரர் என் அளவை எடுத்துக்கொண்டே உள்ளே பார்த்துப் பேசினார்.

"யாரும் உன்னைக் கை காட்டல. நீயாப் போய் ஏன் தலையைக் கொடுக்கிற?"

"அந்தம்மா கேட்டாங்களே."

"அவங்க உன்னைத் திட்டக்கூட இல்லைன்னு நீதானே சொன்ன."

"திட்டியிருந்தா விட்டிருப்பேன்" என்றார் அக்கா உள்ளே இருந்து.

தையல்காரர் அதே யோசனையில் என் கால்சட்டையின் ஒரு காலை அரை அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டார். நானும் சொல்லவில்லை, இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா நார்க்காரரின் மேல்முறையீட்டு வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். அதைத் தட்டித் தர நான் தயாராக இருந்தேன். வேண்டாம், உன் வேலைக்கு ஆபத்து என்று கையாலேயே எழுதினார். வக்கீல் இலவசச் சட்ட உதவியில் வந்தவர், நல்ல மனிதர், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வழக்கு. சாட்சி சொல்ல வருவீர்களா என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றார் அக்கா.

ஒரு விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வயலுக்குப் போனார். நார்க்காரரின் நிலம் தரிசாகக் கிடந்தது. அவர் மனைவி கால்வாயைக் கடக்கும் பலகையைக் காட்டினார். அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் காட்டுச்செடிகள், ஆண்செடிகள் பூத்து நின்றன. அக்கா ஒரு கிளையைத் தட்டினார். உள்ளங்கை முழுக்க மஞ்சள் தூள். சில இலைகளைக் கிள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் இயக்குநர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, தன் பழைய அறைக்குள் நுழைந்து சோதித்தார். நான் வாசலில் காவல் நின்றேன். ஊதா விளக்கில் கீழ்க்கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தகப்பன் அகப்பட்டுவிட்டான். அக்கா என் தோளில் ஓர் அடி வைத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு நாள் நாங்கள் இருவரும் நார்க்காரர் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே பேசிக்கொண்டிருந்தோம்.

விசாரணை நாள் வந்தது. நீதிமன்ற அறை சின்னது. மின்விசிறி சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. நார்க்காரரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஒடிசலான மனிதர். இரண்டு காவலருக்கு நடுவில், யாருக்கோ இடம் விட்டதுபோல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

அக்கா நன்றாகச் சொன்னார். தாய், தகப்பன், ஓடு, பருப்பு, மகரந்தம் எல்லாம் சொன்னார். தவறு தன்னுடையது என்றும் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

"இந்தக் காட்டுச்செடி இலையை எந்த அதிகாரி முன்னிலையில எடுத்தீங்க?"

"நானே எடுத்தேன்."

"எதுல முத்திரை வச்சீங்க?"

"கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

சிலர் சிரித்தார்கள். அரசு வக்கீல் சிரிக்கவில்லை, அவர் கெட்டிக்காரர்.

"அது இந்த வருஷத்துச் செடி. வழக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. சரி, விடுங்க. அந்த விதை ஓட்டைத் தனியாச் சோதிச்சீங்களா?"

"இல்லை."

"இப்ப சோதிக்க முடியுமா?"

"விதை இல்லை. எரிச்சுட்டாங்க."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். அவர் குரலில் கடுமை இல்லை; உதவி செய்யத்தான் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

"அம்மா, நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். நீங்க இதுல நிபுணர். அந்தப் பாத்தியில இருந்தது நார்ச்செடிதான்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

அறையில் எல்லாரும் அக்காவின் வாயைப் பார்த்தோம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சட்ட உதவி வக்கீல் தன் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். நார்க்காரர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"பெரும்பாலும் அப்படித்தான் இருக்கணும்" என்றார் அக்கா. "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. போதைச் செடிக்கு நார்ச்செடி மகரந்தம் விழுந்தாலும் அதே ரெண்டு கோடுதான் வரும். அரைச்ச அப்புறம் எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது."

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு. முதல் அறிக்கை விதிமுறைப்படி தரப்பட்டது. அதை மறுக்கும் சாட்சியே உறுதியில்லை என்கிறார். ஆகவே தண்டனையில் தலையிட முகாந்திரம் இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தது.

நடைவழியில் நார்க்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனைவி கூடவே படிக்கட்டு வரை நடந்தார், அதற்குமேல் விடவில்லை. திரும்பி வந்து அக்காவின் முன் நின்றார். அழவில்லை. சத்தமும் போடவில்லை.

"ஆமான்னு சொல்லியிருக்கலாமே மேடம்."

"எனக்குத் தெரியலையேம்மா" என்றார் அக்கா. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினதுலதான் இவ்வளவும் வந்துச்சு."

"அப்ப போலீஸ்காரங்களுக்காக ஒரு தடவை எழுதினீங்க" என்றார் அந்தம்மா. "இப்ப எங்களுக்காக ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல."

அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார். பிறகு நானும் அக்காவும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினோம். அக்கா இருப்பு அறையில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து குடுவைகளை எண்ணினார்.

அவர் சொன்னது சரி என்று யார் கேட்டாலும் நான் வாதாடுவேன், விஞ்ஞானம் அதுதான். ஆனால் ஒரே ஒரு பொய்தான், அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்க நினைத்தேன். இன்றும் அதையேதான் நினைக்கிறேன்.